முட்டுச்சந்துக்குப் போன படகு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டுக்குப் படகு வந்தது.

என் வீட்டுக்காரர் கோவளத்தில் ஒரு மீனவரிடம் வாங்கினாராம். பழைய ஃபைபர் படகு, நீலமும் வெள்ளையும். பின்னால் ஒரு இன்ஜின். இரண்டு சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டி, சேலையூர் முழுக்க வேடிக்கை பார்க்க இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஹார்டுவேர் கடையை மூடியதும் அந்த பிக்கப்பையும் விற்றுவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதற்கு வால் முளைத்திருக்கிறது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"மழைக்கு" என்றார்.

எங்கள் தெரு மேட்டுத் தெரு. ஊரெல்லாம் மூழ்கிய போன வருட டிசம்பரில்கூட எங்கள் வாசல்படியைத் தண்ணீர் தொடவில்லை. இவருக்கு நீச்சலும் தெரியாது. மாமல்லபுரம் போனால் கால் நனைக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதர். அறுபத்து நான்கு வயதில் தணிகாசலத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரு கேட்கிறது. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

புரியாததை எழுதி வைத்தால் பின்னாலாவது புரியும் என்று, யாரோ பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மதியம் பல் டாக்டரிடம் போய் வந்தேன்.

இந்த டைரி மேசை மேல்தான் கிடக்கும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற பழக்கம் இவருக்கு இல்லை. இருந்தாலும் பல் டாக்டர் என்றே எழுதி வைக்கிறேன்.

முடிச்சூரில் டாக்டரின் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழைநீர் வாய்க்கால் வருகிறதாம். சேலை ஓரமெல்லாம் சேறு. நான் கொண்டுபோன தக்காளி சாதத்தை டாக்டர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு இது ஆறாம் மாதம். மசக்கை போய் முகம் தெளிந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தண்ணீர் டிரம்மை எடுத்துப்போய்ப் படகுக்குப் பின்னால் வைத்தார். இன்ஜினின் விசிறிக் கால் அதற்குள் முங்குகிற மாதிரி செய்து ஓட விட்டார். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுப்போகுமாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஓட்டினால்தான் உள்ளே இருக்கிற உப்பு போகுமாம். பெட்ரோல் புகையில் நான் காயப்போட்ட வடகமெல்லாம் நாறுகிறது. எதிர்வீட்டுப் பரிமளா காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "மாமா, இது எந்தக் கடலுக்கு?" என்று கேட்டாள். இவர் டிரெய்லர் சக்கரத்துக்குள் விரலால் கிரீஸ் அப்பிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தது என் புதுத் துண்டில்.

படகின் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குப் பித்தளையில் ஒரு திருகு மூடி. வெளியே நிறுத்தி வைக்கும்போது மூடியைக் கழற்றிவிட வேண்டுமாம், மழைத் தண்ணீர் வடிவதற்கு. தண்ணீரில் இறக்கும் முன் ஞாபகமாகத் திருகிவிட வேண்டுமாம். எனக்கு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றார். நான் என்ன துடுப்பா போடப் போகிறேன்?

டிபன் சாப்பிட்டுவிட்டுப் படகை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு "சக்கரத்துல பேரிங் ஒழுங்கா சுத்துதான்னு பாக்கணும்" என்றார். மதியம் வந்தார். படகு சொட்டுக்கூட நனையவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மறுபடியும் போனார். மறுபடியும் காய்ந்த படகு.

இந்த வயதில் ஒருவர் சின்ன வீடு வைத்துக்கொண்டால்கூடப் படகை இழுத்துக்கொண்டு போகமாட்டார். அதனால் அந்தக் கவலை இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

கைமுறுக்கும் சீடையும் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். நாளைக்கு நான் பல் டாக்டரிடம் போகிறேன் என்று காலையில்தான் சொன்னேன். பல் வலி என்கிறவளுக்கு யாராவது சீடை வாங்குவார்களா?

"யாருங்க திங்கப் போறாங்க இத?"

"யாராவது திம்பாங்க."

இவரும் தொடவில்லை. கட்டுப்பல். வீணாவானேன் என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சீடை என்றால் டாக்டருக்கு உயிர். சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றும் போனார். வந்ததும் டிரெய்லர் டயரைக் கழுவினார். டயரில் இருந்த சேற்றின் நிறம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சொன்னாள்: "அம்மா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க தெருமுனையில ஒரு போட்டு வந்து நிக்குதும்மா. பிக்கப் வண்டியில மாட்டியிருக்கு. கொஞ்ச நேரம் நிக்குது, அப்புறம் நேரா போயிடுது. நம்ம அப்பா வண்டி மாதிரியே இருக்குது."

இரண்டு பேரும் சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தோம்.

எனக்கு ஒரே மகள். பெயர் சுகன்யா. நான்கு வருடமாக இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஜோயல் என்கிற கணக்கு வாத்தியாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள், கட்டிக்கொண்டாள். "எனக்குப் பொண்ணு இல்ல" என்றார் இவர். முடிந்தது. அந்த டிசம்பரில் முடிச்சூரில் அவர்கள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் ராத்திரி பகலாகக் கிடந்துவிட்டு, மீனவர்கள் லாரியில் கொண்டு வந்த படகில் ஏறித்தான் பிழைத்தார்கள். அப்போது இவர் டிவி முன்னால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் இல்லை, போன் பண்ணவும் இல்லை. நான் பண்ணினால் தடுக்கவும் இல்லை. எனக்கு அன்றைக்கு இவர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

படகு எதற்கு என்று இப்போது தெரிகிறது. தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவது ஏன் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அல்லது இன்னும் குழப்பமாகிவிட்டது.

பள்ளிக்கூட மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். நான் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன். பிக்கப்பைத் தனியாக ரிவர்ஸ் எடுப்பதில் இவர் புலி. டிரெய்லரை மாட்டிவிட்டால் அவ்வளவுதான். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் படகு இடது பக்கம் போகிறது. நேராக்கப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமும் படகு ஒரு பக்கமும் மடங்கி, கோபித்துக்கொண்ட மருமகளும் மாமியாரும் மாதிரி நிற்கிறது. கிரிக்கெட் ஆட வந்தவர்கள் சிரித்தார்கள். இவர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நாம ஒரு பக்கம் திருப்புனா அது எதிர்ப்பக்கம் போவுது, மங்கா" என்றார். இவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சுகன்யாவின் தெரு முட்டுச்சந்து. கடைசி வீடு அவளுடையது. படகோடு உள்ளே போனால் ரிவர்ஸில்தான் வெளியே வரவேண்டும். ஆக, இவர் முனையிலேயே நின்று திரும்புவது மனசு வராமலா, ரிவர்ஸ் வராமலா?

செப்டம்பர் 15, ஞாயிறு

சோதித்துப் பார்க்கலாம் என்று, "நானும் வரட்டுமா, பேரிங் சுத்துறத பாக்க?" என்று கேட்டேன்.

"வெயில்ல உனக்கு எதுக்கு" என்றார்.

சொல்லிவிடலாம். "எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் ரோஷம் வந்து படகையே விற்றுவிட்டாலும் விற்றுவிடுவார். படகு விற்றுப்போனால் தெருமுனை வரை போவதும் நின்றுவிடும். அதனால் சாம்பாருக்குப் புளி கரைத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பல் டாக்டருக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப் போனேன். பச்சையும் சிவப்பும். எட்டாம் மாதம் நடக்கிறது. ஊரைக் கூட்டி வளைகாப்பு நடத்தவில்லை. நானும் அவளும் மட்டும். அவள் கையில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஜோயல் வெளியே போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். நல்ல மனிதர். என்ன பேசுவது என்று தெரியாத நேரங்களில் எதையாவது வாங்கி வருகிறார். அதில் இவரும் அவரும் ஒரே மாதிரி. இதை யாரிடம் சொல்வது?

வாய்க்காலை மூடி சிமெண்ட் போட்டுவிட்டார்கள். "மழ வந்தாதான் தெரியும் வேல செஞ்சாங்களா இல்லையான்னு" என்றாள் சுகன்யா. தண்ணீர் வந்தால் மேலே வந்துவிடுவதாக மாடி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்களாம். இந்த வயிற்றோடு அந்தச் செங்குத்துப் படியில் எப்படி ஏறுவாள்?

அக்டோபர் 10, வியாழன்

சாயங்காலம் பிடித்த மழை. படகின் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

நேற்று ஆயுத பூஜை. டைரியும் பூஜையில் இருந்ததால் எழுதவில்லை. இன்று எடுத்து எழுதுகிறேன்.

நேற்று காலை பூஜைக்கே மழை நிற்கவில்லை. பிக்கப்பின் முன்னால் வைத்த சந்தனம் நெற்றி வியர்த்த மாதிரி வழிந்தது. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுப் படகுக்குச் சாமந்தி மாலை. டிரெய்லர் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் உண்டா என்று ஒரு விவாதம் நடந்து, கடைசியில் அதற்கும் வைத்தோம். ஸ்பேனர்கள், கிரீஸ் கன், வண்டிச் சாவி, படகின் பித்தளை மூடி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிக் குங்குமம் வைத்தார். பக்கத்தில் என் கத்தரிக்கோலும் இந்த டைரியும்.

இந்த விஷயத்தில் இவர் ரொம்பக் கண்டிப்பு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைதான் எடுக்கவேண்டும். கடை இருந்த காலத்தில், வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது என்று ஓடி வந்தவரையே "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியவர்.

மதியத்திலிருந்து சுகன்யாவுக்குப் போன் போகவில்லை. நான் அடுப்படிக்குள் போய்ப் போய் முயன்றேன். டிவியில் முடிச்சூர் பக்கம் என்று சொல்லி முழங்கால் தண்ணீரைக் காட்டினார்கள். அது இன்றைய படமா, போன வருடத்துப் படமா என்று விளங்கவில்லை. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொரியைக் கையில் அள்ளியவர் வாயில் போடவில்லை.

திடீரென்று எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்தார்.

"இன்னிக்கு எடுக்கக்கூடாதுங்க" என்றேன். பழக்க தோஷம்.

"தெரியும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன். நனைந்துகொண்டே கொக்கியையும் சங்கிலியையும் சரிபார்த்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார்.

"நீ எங்க வர்ற?"

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி கிளம்பியது. தாம்பரம் தாண்டும்வரை வைப்பர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டார்: "உன் பல் டாக்டர் வீடு எது? முனையில நின்னு பாத்தா தெரிய மாட்டேங்குது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல்லு காட்டப் போறவ டிபன் கேரியர் எடுத்துக்கினு போவாளா? ஒரு நாள் பின்னாலயே வந்து, முனையோட திரும்பிட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், "சீட நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சாம். சொல்லியிருக்கலாம் இல்ல நீங்க?"

"நீ சொன்னியா?"

கோபமா, சந்தோஷமா, எது என்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இவர் கண்டுகொள்ளாத மாதிரி ஓட்டினார்.

மெயின் ரோட்டில் சக்கரம் பாதி முங்கத் தண்ணீர். அதைப் பார்க்கப் பார்க்க இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கம்போலத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். "கடைசி வீடு" என்று காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்தோம்.

தெருவில் தண்ணீரே இல்லை. கணுக்கால் நனைகிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புது வாய்க்கால் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி இல்ல" என்றார்.

"இல்ல."

ஏமாந்துபோனவர் போல இருந்தது அவர் முகம். இத்தனை மாதம் கிரீஸ் போட்டு, டிரம்மில் ஓட்டி, பேரிங் பார்த்து, சாமி முன்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்த மனிதர். படகு வேண்டியிருக்கவில்லை என்றால், இவர் எதைச் சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பார்? நேராகப் போனால் மெயின் ரோடு. ஒடித்தால் முட்டுச்சந்து. உள்ளே போனால் திரும்பி வரத் தெரியாது என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவர் ஒடித்தார்.

தெரு முழுக்கக் கதவு திறந்து பார்த்தது. கடைசி வீட்டு மதிலுக்கு முன்னால் வண்டி நின்றது. சுகன்யா இடுப்பில் ஒரு கையும் நிலையில் ஒரு கையுமாக வாசலில் நின்றாள். கையில் நான் போட்ட வளையல். இவர் இறங்கினார். அவள் வயிற்றைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். நான்கு வருடத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு.

"வரலப்பா. வாய்க்கா வெட்டிட்டாங்க."

"போன் போவல."

"டவர் இல்லப்பா."

"ஓ" என்றார்.

குடையோடு வெளியே வந்த ஜோயல் என்ன பேசுவது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "மாமா, போட்டு அடியில தண்ணி ஊத்துது" என்றார்.

மழைத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் குழாய் திறந்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. இவர் சட்டைப்பையைத் தொட்டார். பேண்ட் பையைத் தொட்டார். பித்தளை மூடி குங்குமப் பொட்டோடு சரஸ்வதிக்கு முன்னால் இருக்கிறது. அவசரத்தில் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"தண்ணி இருந்திருந்தா?" என்று கேட்டாள் சுகன்யா.

"முழுகியிருப்போம்" என்றார்.

முதலில் அவள்தான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிலையில் சாய்ந்துகொண்டு. எனக்கும் அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் குலுங்கியது. அது சிரிப்புதானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"உள்ள வாங்கப்பா. நனையிறீங்க."

"இல்லம்மா, வண்டிய எடுக்கணும்" என்றவர் முன்னால் இருந்த மதிலைப் பார்த்தார், பின்னால் இருந்த படகைப் பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் ஜோயல் பக்கம் திரும்பினார். "எனக்கு ரிவர்ஸ் வராது, மாப்பிள."

"எனக்கும் வராது மாமா" என்றார் ஜோயல். "மழ விடட்டும், பாத்துக்கலாம்."

ராத்திரி அங்கேயே தங்கினோம். காலையில் பஸ்ஸில் வந்து பூஜையை எடுத்தோம். இவர் பித்தளை மூடியைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார். படகை எடுத்து வருகிறேன் என்று முடிச்சூருக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். கேட்டதற்கு, "மதிலு இடிக்குது" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தினமும் அதை எடுக்கப் போகிறார். கொக்கியைக் கழற்றி, நாலு பேர் டிரெய்லரைக் கையாலேயே திருப்பி வைத்தால் சட்டென்று முடிகிற வேலை என்று ஜோயல் சொல்லிவிட்டார். நாலு பேரைக் கூட்டியும் வைத்தாராம். "என்னா அவசரம், பேரிங்ல தண்ணி பூந்திருக்கும், பிரிச்சுப் பாக்கணும்" என்றிருக்கிறார் இவர். நேற்று அங்கேயே டிரம் வாங்கி இன்ஜினை ஓட விட்டாராம். அந்தத் தெருவும் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறது. சுகன்யா மோடாவைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறாளாம்.

இனி செவ்வாய்க்கிழமை பொய் சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். காலையிலிருந்து கடைவாய்ப்பல்லில் சுருக்கென்று ஒரு வலி. நிஜ வலி. கன்னம்கூட லேசாக வீங்கியிருக்கிறது.

"ஏங்க, பல்லு வலிக்குதுங்க, டாக்டர்கிட்ட போவணும்" என்றேன்.

இவர் எழுந்து போய் மேல் அலமாரியிலிருந்து டிபன் கேரியரை இறக்கி, துடைத்து, என் முன்னால் கொண்டு வந்து வைத்தார்.